ஸ்பேனருக்கு முன் ஜாக்

கார் பித்துப் பிடித்த யாரைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "முதன்முதலில் எந்தக் காரில் கை வைத்தீர்கள், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள்?" பதிலைக் கேட்டாலே அவர் எந்த வேலையைச் சுத்தமாகச் செய்வார், எதில் கோட்டை விடுவார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கோலாலம்பூர் செந்தூலில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். வீட்டில் யாரோ கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்ட முடியாமல் லோரியில் ஏற்றிவரும் கார்கள் இப்போது நிறைய வருகின்றன. அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சொந்தக் காரைத் திறந்து பார்க்க ஆசைப்படும் பையன்கள் இருக்கும்வரைதான் இந்தத் தொழிலும் இருக்கும். ஆனால் எதை முதலில் கற்பது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசை தலைகீழாகிவிட்டது. அது கவலை தருகிறது.

முன்பு அந்த வரிசை தானாக அமைந்தது. செந்தூலில் ரயில்வேயின் பெரிய பணிமனை இருந்தது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை பார்த்தார்கள். சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் அப்பாவோ சித்தப்பாவோ ஒரு மோரிஸ் மைனரைப் பிரித்துப் போட்டால் டார்ச் பிடிக்கும் வேலை பையனுக்கு. அப்படித் தொடங்கிய மூத்த போமன்கள் (மெக்கானிக்குகள்) சிலரிடம் நான் வேலை பழகினேன். போல்ட்டைத் திரும்பப் பூட்டும் முன் மரையைத் துடைப்பார்கள். கண்ணால் பார்த்து 'சரியாகத்தான் இருக்கும்' என்று விடமாட்டார்கள், அளந்து பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் சாமான்களை எண்ணித்தான் பெட்டியை மூடுவார்கள்.

இன்னொரு வழி சீனர் ஒர்க்‌ஷாப். பள்ளியை விட்ட பையனை ஜாலான் ஈப்போவிலோ சிகாம்புட்டிலோ ஒரு தவுக்கேயிடம் (சீன முதலாளியிடம்) கொண்டுபோய் விடுவார்கள். முதலில் தரை கூட்டுவது, சாமான் கழுவுவது, '12 எடு, 14 எடு' என்றால் அந்த அளவு ஸ்பேனரை ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பது. நம் ஊர்த் தமிழ் போமன்களில் பலர் கேண்டனீஸ் சரளமாகப் பேசுவது இப்படித்தான். அந்த முறையை நான் புகழ வரவில்லை. சம்பளம் பேருக்கு, திட்டு தினமும், சில இடங்களில் அடியும் உண்டு. ஆனால் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தவுக்கே எடுத்த எடுப்பில் பையன் கையில் கொடுக்கமாட்டார். உயிர் போகக்கூடிய வேலை கடைசியில்தான் கைக்கு வரும்.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவைத் தழுவிய அந்தக் கார்தான் நிறைய வீடுகளில் முதல் சொந்தக் கார். பானட்டைத் திறந்தால் கை உள்ளே போக இடம் இருக்கும். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், சத்தத்தை வைத்தே டியூன் பண்ணலாம். 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. மூன்று சிலிண்டர், 660 சிசி. பழைய கஞ்சிலைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கக் காசில்லாமல் தாங்களே பழகியவர்கள் ஒரு பெரிய கூட்டம். எனக்குப் பிடித்த மாணவர்கள் அவர்கள்தான். மறுநாள் அதே காரில் வேலைக்குப் போக வேண்டுமே, அதனால் பொறுப்பு இருக்கும்.

இப்போது வீடியோ. வீடியோவைக் குறை சொல்பவன் அல்ல நான், நானே பார்க்கிறேன். ஆனால் இருபது நிமிட வீடியோவில் கார் ஏற்கெனவே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை எப்படித் தூக்கினார், எதில் நிறுத்தினார் என்பதை வெட்டியிருப்பார்கள். அது பார்க்கச் சுவாரசியம் இல்லாத பகுதி. ஆளைக் கொல்வதும் அந்தப் பகுதிதான்.

அதனால் தூக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காரோடு வரும் கத்திரி ஜாக், டயர் மாற்ற மட்டும். அதை நம்பிக் காருக்கு அடியில் ஓர் உறுப்பைக்கூட நுழைக்காதீர்கள். ஹைட்ராலிக் ஜாக்கும் தூக்கத்தான், தாங்க அல்ல. உள்ளே ஒரு சீல் கசிந்தால் கார் இறங்கிவிடும், எச்சரிக்கை எதுவும் கொடுக்காது. தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்ட், அதாவது தூக்கிய காரை உட்கார வைக்கும் இரும்புத் தாங்கி வேண்டும். 'கஞ்சில்தானே, லேசான கார்' என்று நண்பர்கள் சேர்ந்து கையால் தூக்கிச் சிமெண்டுக் கல்லில் உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஓட்டையுள்ள சிமெண்டுக் கல் மெல்ல விரிசல் விட்டு உங்களை எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும்.

நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இன்னொரு தொல்லை, கார் போர்ச். பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருக்கும், மழைத் தண்ணீர் ஓட வாசலைப் பார்த்துச் சரிவும் வைத்திருப்பார்கள். டைல்ஸில் ஸ்டாண்டின் இரும்புக் கால் வழுக்கும். சமதளமாக இருக்கும் இடத்துக்குக் காரைக் கொண்டுபோங்கள். வெளியே தார் ரோடு என்றால் மத்தியான வெயிலில் தார் இளகி ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும். எங்கே நிறுத்தினாலும் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கனமான பிளைவுட் பலகை போடுங்கள்.

அப்புறம், கை பிரேக் போட்டாச்சு, கியரை 'பி'யில் வைத்தாச்சு, இனி கார் நகராது என்று நினைப்பது. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. சாகா, கஞ்சில், மைவி எல்லாம் முன்சக்கரத்தில் இழுக்கும் கார்கள். ஆட்டோ கியரின் 'பி' பிடித்து வைப்பது முன்சக்கரங்களை, கை பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. முன்பக்கத்தைத் தூக்கினால் 'பி'யால் பயன் இல்லை. பின்பக்கத்தைத் தூக்கினால் கை பிரேக்கால் பயன் இல்லை. எந்தப் பக்கம் தரையில் நிற்கிறதோ அந்தச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், ஸ்டாண்டே சரிந்தாலும் அது கொஞ்சம் இடம் விட்டு வைக்கும்.

இந்த வேலைகளுக்கு ஸ்பேனரே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். என்னிடம் பழக வரும் தம்பிகளுக்கு முதலில் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யக் கொடுப்பேன். தூக்கு, நிறுத்து, ஆட்டிப் பார், இறக்கு. "எப்போ அண்ணே இன்ஜின் பிரிப்போம்?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அடுத்தது சக்கர நட்டு. தரையில் இருக்கும்போதே இளக்கி, தூக்கி, மாட்டி, இறக்கிய பின் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குவது. சின்னக் கார்களுக்கு இறுக்கும் முறுக்குவிசை பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், உங்கள் காரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலால் ஏறி மிதித்து இறுக்குவது வீரம் அல்ல, போல்ட்டை நீட்டி வைக்கும் வேலை. இன்ஜின் எண்ணெய் மாற்றும்போதும் இதே கதைதான். அலுமினியத் தொட்டியின் அடைப்பானை அளவுக்கு மீறி இறுக்கி மரையை அழித்துக்கொண்டு வருபவர்கள் ஏராளம்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று தெரிந்தால்தான் பொறுமை வரும். பல கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், அது உள்ளே தேக்கி வைக்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும், அதுவரை கொதிக்காமல் இருந்த தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் அவசரப்பட்டுத் திறந்தவர்களின் தழும்புகளைப் பார்த்தால் இதை யாரும் இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

பிரேக்கை நான் எப்போதும் கடைசியில்தான் வைப்பேன். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 3 என்ற வகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் சேர்ந்த பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 140. கெந்திங் மலையிலிருந்து கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூட்டை எட்டுவது கஷ்டமே இல்லை. திரவம் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. பிரேக் பேட் மாற்றுவதை வீடியோ பார்த்துச் செய்துவிடலாம். பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுப்பதை, செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்காமல் முதல்முறை செய்யாதீர்கள். திரவம் குறைந்துவிட்டதென்று கையில் கிடைத்த இன்ஜின் எண்ணெயை ஊற்றிய காரும் எங்கள் கடைக்கு வந்திருக்கிறது. ரப்பர் சீல்கள் ஊறிப் பெருத்துவிடும், மொத்தத்தையும் பிரிக்க வேண்டும்.

பழைய காலத்துப் பழக்கம் ஒன்றையும் இங்கேயே நிறுத்திவிடலாம், பெட்ரோலில் சாமான் கழுவுவது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். அடுக்குமாடியின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்தால் நாலு கார் தள்ளி யாரோ பற்றவைத்த சிகரெட் போதும். நம் தாத்தாக்கள் செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றால், அவர்கள் திறந்தவெளியில் செய்தார்கள், அதிர்ஷ்டமும் இருந்தது.

பழுது கண்டுபிடிப்பதில் வேறொரு சிக்கல். மலிவான ஸ்கேனரை போனோடு இணைத்தால் ஒரு குறியீடு வரும், உடனே அந்தப் பெயரில் ஒரு சாமானை ஆன்லைனில் வாங்கிவிடுகிறார்கள். உதாரணமாக பி0171. இன்ஜினுக்குள் போகும் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆக்சிஜன் சென்சார் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை, பல நேரம் அந்தச் சென்சார் ஒழுங்காக வேலை செய்வதால்தான் அந்தக் குறியீடே வருகிறது. சூட்டில் வெடித்த ஒரு சின்ன வேக்கும் ஹோஸ் (ரப்பர் குழாய்) காரணமாக இருக்கலாம், அதற்கு ஐந்து வெள்ளிகூட ஆகாது. கார்புரேட்டரில் பழகியவர்கள் குறியீடு இல்லாமலே காதை வைத்து இந்தக் கசிவைக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் காதை இன்றைய பையன்களும் வளர்த்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

ஸ்கேனருக்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் வர வேண்டும். இந்த எண்கள் தெரிந்தாலே தேவையில்லாமல் பேட்டரி மாற்றும் செலவு பாதிப்பேருக்கு மிச்சம். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

தொடவே கூடாதவை சில உண்டு. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார்களில் உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள் அதில் முதல். 2013 வரை இறக்குமதி ஹைபிரிட் கார்களுக்கு இங்கே வரி விலக்கு இருந்தது, அப்போது வந்த டொயோட்டா பிரியஸ், ஹோண்டா இன்சைட் எல்லாம் இப்போது மலிவான பழைய கார்களாகப் பையன்கள் கைக்கு வருகின்றன. மூன்றாம் தலைமுறை பிரியஸின் பேட்டரி சுமார் 200 வோல்ட், இன்வெர்ட்டர் அதை 650 வரை உயர்த்தும். சாவியை அணைத்த பிறகும் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கியிருக்கும். அதற்கென்று பயிற்சி எடுத்தவர்களிடம் விட்டுவிடுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரும், அமுக்கி வைத்த சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கும் அதே பட்டியல்தான்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகளில் பழைய இன்ஜின் எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று தனி எண்ணே இருக்கிறது. புது எண்ணெய் வந்த போத்தலிலேயே நிரப்பிப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப் போவதற்காக எங்களிடம் பீப்பாய் இருக்கும், ஒரு போத்தல் கூடுவதால் எங்களுக்கு ஒன்றும் குறையாது.

சரி, இதைத் தொழிலாகவே எடுக்க நினைப்பவர்களுக்கு. கியாட்மாரா தொழிற்பயிற்சி மையங்களில் வாகனத் துறைப் பயிற்சிகள் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் 2005 முதல் நடக்கும் எஸ்எல்டிஎன் என்னும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மிச்சம் வகுப்பில். நம்மவர்களில் பலருக்குத் தெரியாமல் இருப்பது பிபிடி. வகுப்புக்கே போகாமல் ஒர்க்‌ஷாப்பில் கற்றவரின் அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்கேஎம் என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் வழி அது. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, ஜேபிகே, இதைக் கவனிக்கிறது. கையில் நல்ல தொழில் இருந்தும் காகிதம் இல்லாததால் பெரிய சர்வீஸ் சென்டர்களில் நுழைய முடியாமல் நிற்கும் அண்ணன்மார்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

பிபிடி மதிப்பீட்டில் வாயால் சொன்னால் போதாது, செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள். அதனால் இப்போதிருந்தே ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் முன் ஒரு படம், முடித்த பின் ஒரு படம் எடுத்து வையுங்கள். தேதி, கார் மாடல், என்ன பழுது, எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். சாமான் வாங்கிய ரசீதை வீசாதீர்கள், வெயிலில் எழுத்து மறைந்துபோகும், அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.