டிவி முன்னாடியே ஆடட்டும், ஆனா கால் அசையணும்

ஸ்கூல் விட்டு வந்தா போனும் கையுமா படுத்துடுறான் சார்னு தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் இருந்து என்கிட்ட பசங்கள கூட்டிட்டு வர்ற அம்மாங்க நிறைய பேர் சொல்றாங்க. வெளிய போய் விளையாடுன்னு சொல்லலாம்தான், ஆனா கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்டுல யாரு தைரியமா அனுப்புவாங்க? அதனால பிசியோதெரபிஸ்ட்டா நானே சில பசங்களுக்கு உடம்ப அசைச்சு ஆடுற வீடியோ கேமை சொல்றேன், டான்ஸ், பாக்ஸிங் மாதிரி.

ஆனா வாங்கிக் குடுத்தா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2012ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல பசங்களுக்கு டிவில மாட்டி ஆடுற வீ (Wii)ங்கிற கேம் மெஷினும் இந்த மாதிரி கேமும் குடுத்துட்டு, ஆடுன்னு யாரும் சொல்லாம 13 வாரம் பாத்தாங்க, உக்காந்து ஆடுற கேம் வாங்கின பசங்கள விட இவங்க ஒண்ணும் அதிகமா அசையல. நானும் அதேதான் பாக்குறேன், புதுசுல நல்லா ஆடுவாங்க அப்புறம் மூலைல கிடக்கும். அப்பாவோ அக்காவோ கூட நின்னு ஆடுற வீட்லதான் அது நிலைக்குது, தயவுசெஞ்சு நீங்களும் ஆடுங்க.

இன்னொண்ணு, போனை கைல பிடிச்சு ஆடுற டான்ஸ் கேம்ல கட்டில்ல சாஞ்சுகிட்டே மணிக்கட்டை மட்டும் வெடுக் வெடுக்குன்னு ஆட்டி ஸ்கோர் ஏத்துற பசங்க இருக்காங்க, போன் அசைஞ்சா கேமுக்குப் போதும், கால் என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியாது. தொடை, இடுப்புல இருக்கிற பெரிய தசை வேலை செஞ்சாதான் மூச்சு வாங்கும். ஆடும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த அளவு வந்தா சரியா ஆடுறான்னு அர்த்தம்.

5ல இருந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷம் இப்படி அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லிருக்கு. கேம்லயே முழுசா அது வராது, 10 நிமிஷத்துல ஆரம்பிங்க, மூச்சு பழகினதும் வெளிய தள்ளுங்க. வியாசர்பாடில ஃபுட்பால் இருக்கு, பாக்ஸிங் நம்ம ஏரியா விளையாட்டு, வீட்ல டிவி முன்னாடி குத்தி பழகின பையனுக்கு அங்க போய் நிக்க கூச்சம் கொறையும்.

ஹவுசிங் போர்டு வீடுன்னா குதிக்க விடாதீங்க, கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, அதுக்கு பதிலா உக்காந்து எந்திரிக்கிறது, பக்கவாட்டுல அடி வைக்கிறது போதும். டீப்பாயை ஓரம் தள்ளிடுங்க, சாக்ஸ் வேணாம் வழுக்கும். வீசிங் இருக்கிற பசங்க, நெஞ்சு வலி, முட்டி வலின்னு சொல்ற பசங்கள முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் ஆட விடுங்க.