கவுன்டரில் விற்ற துணி ஆன்லைனில் எப்படி இன்னும் இருக்கிறது?

"சார், ஆன்லைன்ல ஆர்டர் வருது, கடையில பீஸ் இல்ல. என்ன சாஃப்ட்வேர் போட்டா சரியாகும்?" பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பில்லிங், ஸ்டாக் கணக்கு அமைத்துக் கொடுப்பது என் தொழில். சாஃப்ட்வேர் விற்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் முதலில் பில்லைத்தான் காட்டச் சொல்வேன்.

அதில் 'நைட்டி 3' என்றிருக்கும். என்ன சைஸ், என்ன கலர்? எழுதியவருக்கே ராத்திரி ஞாபகம் இருக்காது. ஒரு டிசைனில் நாலு சைஸ், ஐந்து கலர் என்றால் ஆன்லைன் கணக்கில் அது 20 தனித்தனி சரக்கு. கவுன்டரில் போன மெரூன் எக்ஸ்எல் எதில் கழிய வேண்டும் என்று பில் சொல்லாவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் கழிக்காது. சரக்கு இறங்கிய அன்றே சைஸ், கலர் வாரியாக பார்கோடு ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தீபாவளி நெருக்கத்தில் பண்டலைப் பிரித்த கையோடு விற்பார்கள். கணக்கு அங்கேதான் நழுவும். சைஸ் மாற்ற வருபவர்கள் இன்னொரு ஓட்டை. எல் திரும்பி வரும், எக்ஸ்எல் போகும், விலை ஒன்றுதானே என்று பில்லே போட மாட்டார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் போட்டால் எண்ணிக்கை தானாகக் குறையாது. தீர்ந்ததை நாம்தான் மறைக்க வேண்டும்.

ஆன்லைனில் போட்ட விலையும் பழசாகும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதுவரை 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12. சீசன் சூடுபிடிக்கும் நேரத்தில் ஒவ்வொரு உருப்படியாக விலை மாற்ற வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், கடையில் இருப்பதையெல்லாம் ஏற்றவே கூடாது. உள்பாவாடை, லெக்கின்ஸ், வேட்டி மாதிரி திரும்பத் திரும்ப வாங்கி வைக்கும் சரக்கு போதும். ஒரே லாட்டோடு முடியும் டிசைன் கவுன்டருக்கு. கையிருப்பு இரண்டுக்கு வந்தால் ஆன்லைனில் பூஜ்யம் போட்டுவிடுங்கள். அந்த இரண்டு பீஸும் கடையில் எப்படியும் விற்கும். இல்லாத பீஸுக்கு ஆர்டர் வாங்கி நாமே ரத்து செய்தால், தளம் நம் கடையைத் தேடலில் பின்னுக்குத் தள்ளும், சில இடங்களில் அபராதமும் பிடிப்பார்கள்.

அப்புறம், 'காலேஜ் படிக்கிற பையன் ராத்திரி வந்து மாத்திடுவான்' என்ற ஏற்பாடு வேண்டாம். சாயங்கால வியாபாரத்தில்தான் சரக்கு தீர்கிறது. பில் போடுபவரே ஆன்லைன் எண்ணிக்கையையும் அப்போதே மாற்றட்டும்.