"புல் அப்" கேட்டால் இழுங்கள், விசாரணை அப்புறம்

போன வாரமும் அதேதான். விமானிகளைச் சோதிக்கும் சிமுலேட்டரில் இரவு, சுற்றிலும் மலை, மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது விமானம். "டெரெய்ன், டெரெய்ன்... புல் அப்!" என்று, அதாவது "எதிரே தரை, மூக்கை மேலே இழு" என்று, காக்பிட் கத்துகிறது. இடது சீட்டில் இருப்பவர் கேப்டன் ஆவதற்கான தேர்வுக்கு வந்தவர். அவர் மேப்பைப் பார்க்கிறார். உயரத்தைப் பார்க்கிறார். பக்கத்து சீட்டைப் பார்க்கிறார். சிமுலேட்டரை நிறுத்திவிட்டு ஏன் இழுக்கவில்லை என்று கேட்டேன். "ஃபால்ஸ் வார்னிங்கா இருக்குமோன்னு செக் பண்ணேன் சார்."

இந்தப் பதிலை இன்னும் எத்தனை பேரிடம்தான் கேட்பது?

இந்த "ஃபால்ஸ் வார்னிங்" கதை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே ஒரு குன்றில் டிடபிள்யூஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன்பின் தரை நெருக்க எச்சரிக்கைக் கருவியை, அதாவது ஜிபிடபிள்யூஎஸ்ஸை, அமெரிக்கா கட்டாயமாக்கியது. டான் பேட்மேன் என்ற பொறியாளர் உருவாக்கிய கருவி அது. ஆரம்பகாலப் பெட்டிகள் ரேடியோ அலைகளை வைத்து நேர் கீழே மட்டும்தான் பார்த்தன. காரணமில்லாமல் அடிக்கடி கத்தின. அந்தக் காலத்து கேப்டன்கள் சலித்துப்போய், கேட்டும் கேட்காத மாதிரி இருக்கப் பழகினார்கள். பழகியதைத் தங்களிடம் படித்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் பெட்டி மாறிவிட்டது. கதை மட்டும் மாறவில்லை.

அந்தப் பெட்டியின் உண்மையான குறை, அது கத்தியது அல்ல, தாமதமாகக் கத்தியதுதான். 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகரம். இறங்க வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757 இருட்டில் மலைத்தொடரை நோக்கிப் போனது. எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் இடையே கிடைத்தது சுமார் 12 விநாடி. விமானிகள் உடனே இழுத்தார்கள், முழு பவரும் கொடுத்தார்கள். ஆனால் இறங்குவதற்காக இறக்கை மேல் விரித்த வேகத்தடைப் பலகையை, அதாவது ஸ்பீட்பிரேக்கை, மடக்க மறந்திருந்தார்கள். 159 பேர் இறந்தார்கள். இப்போது புரிகிறதா, நீங்கள் மேப் பார்த்த அந்த நான்கு விநாடி யாருடைய சொத்து என்று?

இன்றைய கருவி அப்படியில்லை. உலகத்தின் மேடு பள்ளம் அதன் நினைவகத்தில் இருக்கிறது, தான் எங்கே இருக்கிறோம் என்று ஜிபிஎஸ் சொல்கிறது. மோதலுக்குச் சுமார் ஒரு நிமிடம் முன்பே "கவனி" என்கிறது, அரை நிமிடம் இருக்கும்போது "இழு" என்கிறது. அது "இழு" என்றால் ஆட்டோபைலட்டை எடுங்கள், இறக்கையைச் சமமாக்குங்கள், மூக்கைத் தூக்குங்கள், முழு பவர் கொடுங்கள், ஸ்பீட்பிரேக் உள்ளே போய்விட்டதா என்று பாருங்கள். வீட்டில் கேஸ் நாற்றம் வந்தால் முதலில் ரெகுலேட்டரை மூடுகிறோம். கசிவா, பக்கத்து வீட்டுச் சமையலா என்பதை அப்புறம்தான் பார்க்கிறோம். அதே அறிவு 30,000 அடி போனதும் எங்கே போகிறது?

(விலக்கு உண்டு. நல்ல பகல், தெளிவான வானம், மலை கண்ணெதிரே தெரிகிறது, ஆபத்தில்லை என்பது உறுதி. அப்போது மட்டும் யோசிக்கலாம். தேர்வில் இந்த விலக்கை என்னிடம் ஒப்பிக்கிறவர்கள்தான் இரவிலும் யோசிக்கிறார்கள்.)

மே 22, 2010, மங்களூர். துபாயிலிருந்து வந்த 737 தேவைக்கு மேல் உயரத்தில், வேகமாக இறங்கியது. "சிங்க் ரேட்" (இறங்கும் வேகம் அதிகம்), "புல் அப்" என்று கருவி திரும்பத் திரும்பச் சொன்னது. துணை விமானி "கோ அரவுண்ட்" (இறங்காமல் மறுபடி மேலே ஏறு) என்று சொன்னதும் குரல் பதிவில் இருக்கிறது. 8,000 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் பட்டது. 158 பேர் இறந்தார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, 2020 மே 22, கராச்சி. ஏ320 விமானம், அதே அதிக உயரம், அதே அதிக வேகம். சக்கரம் கீழே இல்லை என்று காக்பிட் கத்தியும் இறக்கி, இரண்டு என்ஜினையும் ஓடுபாதையில் உரசி, மறுபடி மேலே ஏறினார்கள். இரண்டு என்ஜினும் நின்றன. விமானத்தில் இருந்த 97 பேர் இறந்தார்கள். இரண்டிலும் கருவி தன் வேலையைச் செய்தது.

இதுவரை சொன்னது உடனே செயல்படவேண்டிய சிவப்பு எச்சரிக்கைக்கு. அதை மஞ்சள் எச்சரிக்கைக்குச் செய்யாதீர்கள். அங்கே நேர்மாறு. ஒரே ஒரு மணி (சிங்கிள் சைம்) அடித்து மஞ்சள் விளக்கு எரிந்தால் முதல் வேலை விமானத்தை ஓட்டுவது, அப்புறம் படிப்பது, அப்புறம் இருவரும் பேசிவிட்டு சுவிட்சைத் தொடுவது. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380-இன் ஒரு என்ஜின் வெடித்தது. திரையில் அடுக்கடுக்காகச் செய்திகள். விமானிகள் ஏறக்குறைய 50 நிமிடம் வானத்திலேயே சுற்றியபடி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துப் பத்திரமாக இறங்கினார்கள். 2015-இல் தைபேயில் டிரான்ஸ்ஏசியா கேப்டன் அவசரப்பட்டார். நின்றுபோனது இரண்டாவது என்ஜின், அவர் அணைத்தது முதலாவதை. எச்சரிக்கை சரியான என்ஜினைத்தான் காட்டியிருந்தது.

அலாரம் அடிக்கவில்லை என்றால் எல்லாம் சரி என்பது இன்னொரு மூடநம்பிக்கை. 2008-இல் மாட்ரிட்டில் ஸ்பேன்ஏர் விமானம், மேலே எழ உதவும் இறக்கைத் தகடான ஃபிளாப்பை விரிக்காமல் ஓடியது; எச்சரிக்க வேண்டிய கருவி மௌனமாக இருந்தது. 154 பேர். டேக்ஆஃப் ஓட்டத்தில் 80 நாட் (மணிக்குச் சுமார் 150 கி.மீ.) தாண்டியதும் பெரும்பாலான சிறு எச்சரிக்கைகளைக் கணினியே அடக்கி வைத்துவிடும், கவனம் சிதறக்கூடாது என்பதற்காக. ஆகவே செக்லிஸ்ட்டை வாயால் படியுங்கள், கையால் தொடுங்கள்.

ஒலியை மட்டும் நம்பவும் வேண்டாம். 2005 ஆகஸ்ட் 14, ஹெலியோஸ் நிறுவனத்தின் 737 விமானம். கேபின் காற்றழுத்தம் குறைந்ததற்கும், தரையில் டேக்ஆஃப் அமைப்பு தவறு என்பதற்கும் ஒரே ஹாரன். ஏறிக்கொண்டிருக்கும்போது அடித்ததை விமானிகள் டேக்ஆஃப் எச்சரிக்கை என்று நினைத்துக் குழம்பினார்கள், ஆக்ஸிஜன் குறைந்து மயங்கினார்கள். 121 பேர் போனார்கள். மேலே ஏறும்போது அந்த ஹாரன் அடித்தால் முதலில் மாஸ்க். காரணம் பிறகு.

விமானங்கள் மோதாமல் எச்சரிக்கும் கருவியான டிகாஸ் "ஏறு" என்று சொல்லி, தரையிலிருக்கும் கன்ட்ரோலர் "இறங்கு" என்று சொன்னால்? டிகாஸ்தான். 2002-இல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்ததற்கு அப்புறமும் இதைக் கேள்வியாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பயணிகளுக்கு இரண்டு வரி. கேபினில் கேட்கும் "டிங்" பெரும்பாலும் பணிப்பெண்ணைக் கூப்பிடும் மணி. அதை வீடியோ எடுத்து "விமானத்தில் அபாய ஒலி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆக்ஸிஜன் மாஸ்க் விழுந்தால் மட்டும் யாரையும் எதையும் கேட்காமல் முதலில் உங்களுக்குப் போடுங்கள், பிறகு குழந்தைக்கு.

துணை விமானிகளே, தயவுசெய்து சத்தமாகச் சொல்லுங்கள். கேப்டன் கோபப்பட்டால் படட்டும். இரண்டு முறை சொல்லியும் அசையவில்லை என்றால் கன்ட்ரோலை எடுங்கள். நிறுவனத்தின் விதியே அதைத்தான் சொல்கிறது.

அப்புறம், சத்தம் பிடிக்கவில்லை என்று கருவிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை இழுக்கிற வேலை வேண்டாம். அலாரம் பொய்தான் என்று தோன்றினால் சொன்னபடி செய்துவிட்டு, இறங்கியபின் விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாக்கில் எழுதுங்கள்: எந்த உயரம், எந்த வேகம், ஃபிளாப் எந்த நிலை, என்ன சத்தம் கேட்டது. பொய்யா மெய்யா என்று பார்க்கத் தரையில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். எழுதாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனால், அதே விமானத்தை அடுத்த பயணத்துக்கு ஓட்ட வருகிறவருக்கு அது தெரியாது.