கடோலினியத்தை விடாமல் பிடிக்கும் புரதம்

போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா மூளை ஸ்கேனுக்கு வந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து சர்க்கரை ரிப்போர்ட், ஈசிஜி எல்லாம் எடுத்து வைத்தார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் மட்டும் இல்லை. "தலையத்தானே படம் எடுக்கப் போறீங்க, கிட்னிய எதுக்கு டாக்டர் கேக்குறீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியில் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். அதன் அயனியில் ஜோடி சேராத ஏழு எலக்ட்ரான்கள் உண்டு. அவற்றின் காந்தத்தன்மையால், மருந்து சேர்ந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் அயனியின் பருமன் ஏறக்குறைய கால்சியத்தின் பருமன்தான். தனியாக விட்டால் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து கெடுதல் செய்யும். அதனால் ஒரு மூலக்கூறுக்குள் பூட்டித்தான் ஏற்றுகிறோம். நல்ல சிறுநீரகம் ஒன்றரை மணி நேரத்தில் பாதியை வெளியேற்றிவிடும். பழுதானதில் மருந்து நாள்கணக்கில் தங்கும், பூட்டு கழலும். தோல் இறுகிப்போகும் நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2006-ல் தெரியவந்தது. 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை, பிடி தளர்வான 'லீனியர்' வகை மருந்துகள் பலவற்றை நிறுத்தச் சொன்னது. வளையமாகச் சுற்றிப் பிடிக்கும் 'மேக்ரோசைக்ளிக்' வகை இன்னும் உறுதியானது.

என்னை உற்சாகப்படுத்துவது அடுத்த கட்டம்: புரதத்தையே பூட்டாக்குவது. கால்சியத்தைப் பிடிக்கும் புரதங்களில் ஆக்சிஜன் அணுக்கள் உலோகத்தைச் சூழ்ந்துகொள்ளும். அதே பாணியில், அமெரிக்காவில் விஞ்ஞானி ஜென்னி யாங்கின் குழு ஒரு புரதத்துக்குள் கடோலினியத்துக்கென்றே இடம் வடிவமைத்து 2008-ல் வெளியிட்டது. புரதம் பெரியது, மெதுவாகச் சுழலும். அதனால் ஒவ்வொரு கடோலினிய அயனிக்கும் பிரகாசம் கூடுகிறது, குறைந்த மருந்தே போதும். 2018-ல் அறிவிக்கப்பட்ட லான்மாடுலின் என்ற பாக்டீரியாப் புரதமோ, கடோலினியம் சேர்ந்த உலோகக் குடும்பத்தை இயற்கையாகவே இறுக்கிப் பிடிக்கிறது. இப்படி வடிவமைக்கும் புரதங்களின் சங்கிலி மடிந்திருக்கும் விதம் சரியா என்று பார்க்க உதவும் ராமச்சந்திரன் வரைபடம், 1963-ல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதை நினைத்தாலே எனக்குப் பெருமை.

சரி, இவை நம் ஸ்கேன் அறைக்கு வர இன்னும் சோதனைகள் பாக்கி. உடம்பு அந்தப் புரதத்தை அந்நியமாக எதிர்க்கிறதா, உலோகம் முழுதும் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ், முன்பு போட்ட கான்ட்ராஸ்ட் இதையெல்லாம் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட மருந்தின் பெயரையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு ரத்தம் எடுத்தோம். கிரியேட்டினின் 4.1, சிறுநீரகம் பழுதாகியிருப்பதன் அடையாளம். அனுப்பிய டாக்டரிடம் பேசினேன். அவர் பார்க்க நினைத்தது ரத்த அடைப்பு இருக்கிறதா என்பதைத்தான். ஊசியே இல்லாமல் படம் எடுத்தோம்.