கியூ எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்: ஆக்சியான் தேடும் கேவிட்டியின் கணக்கு

நுண்ணலைத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேவிட்டி (நுண்ணலை ஒத்ததிரும் உலோகப் பெட்டி) என்றதும் முதலில் கேட்பது, "கியூ எவ்வளவு?" கியூ என்பது உள்ளே ஆற்றல் எவ்வளவு குறைவாக இழக்கப்படுகிறது என்பதன் அளவு. ஃபில்டருக்கு அது சரியான கேள்வி. கரும்பொருள் (அண்டத்தில் கண்ணுக்குப் புலப்படாத பொருள்) தேடும் கேவிட்டியில் அதை வரிசையில் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும்.

கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும் துகள் ஆக்சியான். வலுவான காந்தப்புலத்தில் அது நுண்ணலை ஒளித்துகளாக மாறலாம், அதே அதிர்வெண்ணில் ஒத்ததிரும் கேவிட்டிக்குள் அந்த மாற்றம் பெருகும் என்று 1983இல் இயற்பியலாளர் பியர் சிக்கிவி சொன்னார். ஆக்சியானின் நிறை தெரியாததால் அதிர்வெண்ணும் தெரியாது. பழைய ரேடியோவில் குமிழைத் திருகி நிலையம் தேடுவது மாதிரி தேட வேண்டியதுதான். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஏடிஎம்எக்ஸ் சோதனை, நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் செம்புப் பூச்சுக் கேவிட்டியோடு 2018இல் வெளியிட்ட முடிவில் அலசியிருந்தது சுமார் 645 முதல் 680 மெகாஹெர்ட்ஸ் வரைதான். எதிர்பார்க்கும் சமிக்ஞையோ 10⁻²³ வாட் அளவில்.

ஆகவே தேடும் வேகமே எல்லாம். அது காந்தப்புலத்தின் நான்காம் அடுக்கோடும், கன அளவு, வடிவக் காரணி இரண்டின் வர்க்கத்தோடும் உயரும்; இரைச்சல் வெப்பநிலையின் (கருவியின் இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) வர்க்கத்தால் குறையும். கியூவுக்கு ஒரே ஓர் அடுக்குதான்.

வடிவக் காரணி என்பது கேவிட்டியின் மின்புலம் வெளிக் காந்தப்புலத்தோடு எவ்வளவு ஒரே திசையில் நிற்கிறது என்பதன் அளவு. உள்ளே புலம் அமையும் ஒவ்வொரு பாணியும் ஒரு மோடு. வெற்று உருளையில், மின்புலம் அச்சுத் திசையில் நிற்கும் டிஎம்010 மோடுக்கு வடிவக் காரணி 0.69. கியூவுக்குப் பேர்போன டிஇ011 மோடுக்கு? பூஜ்யம். அச்சுத் திசையில் அதற்கு மின்புலமே கிடையாது. பாடப்புத்தகத்தின் செல்லப்பிள்ளை இங்கே ஒன்றுக்கும் உதவாது.

அதிர்வெண் ஏறினால் அடுத்த தலைவலி. 1 கிகாஹெர்ட்ஸுக்கு உருளையின் ஆரம் ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டர்; 10 கிகாஹெர்ட்ஸுக்கு 1.15. நீளத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் கன அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைக் கியூவால் ஈடுகட்ட முடியாது.

பட்டறையில் எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். டிஎம்010இல் பக்கச் சுவர் மின்னோட்டம் அச்சுக்கு இணையாகவே ஓடுகிறது. உருளையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து சேர்த்தாலும் பெரிய இழப்பில்லை. மூடி உருளையோடு சேரும் விளிம்பிலோ முழு மின்னோட்டமும் கடந்தாக வேண்டும்; அங்கே தொடர்பு சரியில்லையென்றால் கியூ சரிந்துவிடும்.

சிமுலேஷனில் அதிகம் தப்பிவிடுவது, அதிர்வெண்ணை மாற்ற உள்ளே நகர்த்தும் ட்யூனிங் கம்பி. முனையில் சின்ன இடைவெளி, கொஞ்சம் சாய்வு போதும், மின்புலம் ஒரு பக்கமாக ஒதுங்கும். கேவிட்டி நீளமாக இருந்தால் பாதிப்பும் கூடும். கம்பியை நகர்த்தும்போது டிஎம்010 மற்ற மோடுகளைக் கடக்கும் இடங்களில் இரண்டும் கலந்து வடிவக் காரணி விழும், அந்த அதிர்வெண்களில் கருவி குருடு. அதனால் வடிவமைப்பு என்று யாராவது ஒரே கியூ எண்ணை நீட்டினால், ட்யூனிங் வரம்பு முழுக்க வடிவக் காரணியின் வரைபடத்தையும் கேளுங்கள்.