கெண்டைக்காலில் ஒரு பம்பு

மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து லண்டன் செல்லவிருக்கும் வாசகி ஒருவர், ‘அழுத்தக் காலுறை வாங்கிப் போட்டுக்கொண்டு வா என்று மகள் வற்புறுத்துகிறாள், இறுக்கமான ஒரு துணியால் அப்படி என்ன நடந்துவிடும்?’ என்று கேட்டிருக்கிறார். உண்மையில் உழைப்பது அவருடைய ஆடுசதை; காலுறை அதற்குக் கைகொடுக்கிறது.

இதயம் காலுக்கு அனுப்பிய இரத்தம், புவியீர்ப்பை எதிர்த்துச் சிரைகள் வழியே மேலேற வேண்டும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். ஆழ்சிரைகள் ஆடுசதைக்கு நடுவே ஓடுவதால், ஒவ்வோர் அடியிலும் சதை சுருங்கி அவற்றைப் பிழிகிறது. மேலேறிய இரத்தம் திரும்பாதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன.

இந்த வால்வை நம் கையிலேயே பார்க்கலாம். கையைச் சற்று நேரம் தொங்கவிட்டால் சிரைகள் புடைக்கும். முன்கையில் நேராக ஓடும் ஒன்றை மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு விரலால் முழங்கையை நோக்கி நீவிவிடுங்கள். நீவிய விரலை எடுத்தால், மேலிருந்து திரும்பும் இரத்தம் சிறு முடிச்சுபோலத் தெரியும் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே சிரை வெறுமையாகவே கிடக்கும். அந்த முடிச்சுதான் வால்வு. அழுத்திய விரலை எடுத்த கணமே கீழிருந்து இரத்தம் பாய்ந்து நிரப்பும். இரத்தச் சுழற்சியை விளக்கிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் தம் நூலில் படம் வரைந்து காட்டியது இதைத்தான். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஃபாப்ரிசியஸ் 1603இலேயே வால்வுகளை விவரித்திருந்தும், அவை கீழ்நோக்கி வரும் இரத்தத்தின் வேகத்தைத் தணிப்பவை என்றே எண்ணினார். ஒரு விரலும் பொறுமையும் போதுமான இந்தச் சோதனை, நம் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையும் செய்து பார்க்க வேண்டிய ஒன்று.

இருக்கையில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் இந்தப் பம்பு ஓய்ந்துவிடுகிறது. சிரைகள் விரிந்து வால்வின் இதழ்கள் சரியாகப் பொருந்தாமல் போகின்றன. நீர் கசிந்து கால் வீங்குகிறது. தேங்கிய இரத்தம் சிலருக்கு உறைந்து கட்டியாகலாம். விமானம், ரயில், பேருந்து எதுவானாலும் நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் தெரிவித்தது. ஆயினும் அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவே. காலுறை சிரையை ஒடுக்குவதால் இரத்தம் விரைந்தோடுகிறது, இதழ்களும் பொருந்துகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீட்டில், 2,637 விமானப் பயணிகளுள் அறிகுறியற்ற இரத்தக்கட்டி 50 பேருக்கு இருந்தது. அவர்களில் காலுறை அணிந்தவர்கள் மூவரே.

வாங்கும்போது செருப்பின் அளவை மட்டும் சொல்லாதீர்கள். காலை எழுந்ததும், வீக்கம் ஏறுமுன், கணுக்காலின் மெலிந்த பகுதியையும் கெண்டைக்காலின் பருத்த பகுதியையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். நலமாக இருப்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கும் 15–20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும் வகை போதும். கால் தமனியில் அடைப்போ நீண்டநாள் சர்க்கரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே கூடாது. காந்தம் பதித்த காலுறைக்குக் காசு கொடுக்காதீர்கள். இரத்தத்தில் உள்ள இரும்பு, காந்தத்தால் இழுபடும் ஆணியைப் போன்றதன்று. அணிந்த பிறகு மேல்விளிம்பை மடித்துவிடவும் வேண்டாம்: இரண்டு மடிப்பும் சேர்ந்து இறுக்கி, கீழிருந்து ஏறிவரும் இரத்தத்தை முழங்காலுக்குக் கீழேயே தடுத்துவிடும்.