ஸ்லக் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

தரவுத்தளத்திலிருந்து பக்கங்களை உருவாக்கித் தரும் தளங்களில் முகவரி பெரும்பாலும் 'பதிவு?எண்=417' என்ற மாதிரிதான் அமையும். கணினிக்கு அது போதும். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அந்த எண்ணுக்குப் பதிலாக 'மழைநீர்-சேகரிப்பு' என்று நிற்கும் சொற்களே ஸ்லக். முழு முகவரியையும் ஸ்லக் என்பது பிழை. முழுமைக்கு உரலி (யூஆர்எல்) என்றோ வலைமுகவரி என்றோ சொல்லலாம்.

சொல் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ஸ்லக் என்பதற்கு உலோகக் கட்டி என்றும் பொருள். 1886இல் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழில் லைனோடைப் பொறி புழக்கத்துக்கு வந்தது. ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தை உருக்கி ஒரு முழு வரியையும் ஒரே கட்டியாக வார்த்துத் தரும். அந்தக் கட்டிதான் ஸ்லக். செய்தியறையில் ஒவ்வொரு செய்தியையும் அடையாளம் காண வைத்த ஓரிரு சொல் பெயரும் ஸ்லக் ஆயிற்று. தலைப்பை ஆசிரியர் எத்தனை முறை மாற்றினாலும், நிருபர் கையிலிருந்து அச்சு வரை செய்தி அந்தப் பெயரிலேயே போகும். 2005இல் வெளியான ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவான, இணையத்தளம் கட்ட உதவும் மென்பொருள். இதழாளர்களின் இந்தச் சொல்லை அது முகவரிக்கு எடுத்துக்கொண்டது. வலைப்பதிவுத் தளங்களுக்கான வேர்ட்பிரஸ் மென்பொருளிலும் இதே சொல்தான்.

தமிழில் 'சுட்டுப்பெயர்' என்று வைக்கத் தோன்றும். ஆனால் இலக்கணத்தில் அவன், இவள், அது போன்றவற்றுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 'சுருக்கப்பெயர்' என்றால் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் என்று கொள்வார்கள். உலோகக் கட்டியை மொழிபெயர்ப்பதில் பயனில்லை. நீளமான தலைப்புக்குப் பின்னால் மாறாமல் நிற்கும் குறுகிய பெயர் என்பதே கருத்து. ஆகவே குறும்பெயர் என்பதே பொருத்தம். சூழல் தெளிவாக இல்லாதபோது 'முகவரிக் குறும்பெயர்' எனலாம்.

இந்தப் பொருளை மனத்தில் வைத்தால் நடைமுறையும் தெளிவாகும். தரவுத்தளத்தில் குறும்பெயருக்குத் தனிப் புலம் வேண்டும். ஒரே பெயர் இரண்டு பதிவுக்கு வராதபடி தனித்தன்மைக் கட்டுப்பாடும் வேண்டும். மோதினால் இறுதியில் '-2' சேர்க்கலாம். சொற்களை அடிக்கோட்டால் அல்லாமல் இடைக்கோட்டால் பிரியுங்கள். தலைப்பைத் திருத்தும்போதெல்லாம் குறும்பெயரைத் தானாக மாற்றும் நிரல்தான் பெரிய கேடு: பிறர் பகிர்ந்த இணைப்புகள் அத்தனையும் 404 (பக்கம் இல்லை) ஆகிவிடும். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய பெயரைச் சேமித்து, 301 (நிரந்தர மாற்றம்) கொண்டு புதியதற்குத் திருப்பிவிடுங்கள்.

தமிழில் குறும்பெயர் வைத்தால் வேறு சிக்கல்கள் உண்டு. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரிக்காக விழுக்காட்டுக் குறியுடன் மாற்றும்போது 9 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸில் இந்தப் புலத்தின் நீளம் 200. ஆக, சுமார் 22 குறியீடுகளோடு நின்றுவிடும். 'மதுரை மீனாட்சி அம்மன் கோயில் சித்திரைத் திருவிழா' என்ற தலைப்பு 'மதுரை-மீனாட்சி-அம்மன்-கோ' என்று வெட்டுப்படும். அதைத் தானாக உருவாக விடாமல் 'சித்திரைத்-திருவிழா' என்று கையால் எழுதுவதே வழி.

ஜாங்கோவில் கோளாறு வேறு வகை. ஒருங்குறியை (யூனிகோடு) அனுமதித்தாலும், அது எழுதப்பட்ட பைத்தான் மொழியின் ரெகெக்ஸ் (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் கருவி) உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. 'தமிழ்' என்பது 'தமழ' ஆகிவிடும். தமிழுக்குரிய ஒருங்குறி வரிசை முழுவதையும் அனுமதிக்கும் தனிச் சார்பு எழுதிக்கொள்ள வேண்டும். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் முகவரி வழிப்படுத்தலில் 'ஸ்லக்' வகை ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைக்கோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும் என்பதால் அங்கே 'ஸ்ட்ரிங்' வகையைப் போடுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும்போது வேறு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி முறையில் (ஒருங்குறியின் ஒரு சீர்முறை) ஒரே வடிவமாக இயல்பாக்கினால் இது தீரும். ஆனால் 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. அதைக் கண்ணால்தான் பார்த்துப் பிடிக்க வேண்டும்.